வேஷத்தில் இல்லாத வார்த்தை

நேற்றுச் சாயங்காலம் கோட்டாறில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். மாமியாருக்கு முழங்காலில் பிடிப்பு. ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தார். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, சிவப்புப் பையை உருவி எடுத்து, மூடியைத் திருகிப் பூட்டி, கசியாது என்று காட்டுவதற்காக என் முகத்துக்கு நேரே வைத்து அமுக்கினார். புது ரப்பரின் வாசம் குப்பென்று வந்தது. ரப்பரும், அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய பவுடரும் கலந்த வாசம்.

"என்ன மேடம், தலை சுத்துதா? இருங்க, ஸ்டூல் போடுகேன்" என்றார் அவர்.

உட்கார்ந்தேன். தெருவில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ மீன் வாங்கின பையோடு பள்ளிவாசல் பக்கமாக நடந்தார்கள். கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. நம் கல்லூரியின் செய்முறை அறையில் இருந்தேன். நீ கட்டிலில் படுத்திருந்தாய்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இதோ, 'போய்' என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைத் துக்கம் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. துக்கப்படுவதற்கு நடந்தது முதலில் மனசுக்குள் இறங்க வேண்டும். எனக்கு அது இன்னும் வெளியிலேயே நிற்கிறது. அன்றைக்குத் திடுக்கிட்டவள், திடுக்கிட்டபடியே சமைக்கிறேன், பாடம் எடுக்கிறேன், பஸ் ஏறுகிறேன்.

நாம் இருவரும் நர்சிங் படிக்கச் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? நீ குழித்துறைப் பக்கத்துக்காரி. பேச ஆரம்பித்தால் பாதி மலையாளம் கலந்து ராகம் போட்டு வரும். நான் கொட்டாரத்துக்காரி. வயலும் வரப்பும் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். விடுதியில் மற்றவர்கள் உன் பேச்சைப் பழித்துக் காட்டினார்கள். நீ கோபப்படவில்லை. மறுநாளே அவர்கள் ஒவ்வொருவர் பேசுவதையும், நடப்பதையும், வார்டன் மூக்கை உறிஞ்சுவதையும் அப்படியே செய்து காட்டினாய். அதற்குப் பிறகு யாரும் வாலாட்டவில்லை. அன்றைக்கே உனக்குள் ஒரு நடிகை இருந்தாள். அவளால்தான் பின்னாளில் உன் ஆராய்ச்சியே பிறந்தது. அவளால்தான் அந்த அறையில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் போயிற்று.

படிப்பு முடிந்ததும் நீ வளைகுடாவுக்குப் போனாய். நான் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை வார்டில் நின்றேன். இருவரும் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அவரவர் ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் உனக்குப் பித்தப்பையில் கல் வந்து அங்கேயே ஆப்பரேஷன் ஆயிற்று. வீட்டுக்காரர் ஊரில். நீ தனியாகப் படுத்துக் கிடந்தாய். பிறகு போனில் சொன்னாய்: "மயக்கம் தெளியும்போ எனக்கு நான் எந்த ஊரிலே கிடக்கேன்னே தெரியல்ல கேட்டியா. ஒரு நர்ஸ் வந்தா. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வலிக்கு ஊசி போட்டா. போட்டுட்டுப் போகாம, தோளிலே கையை வச்சு, மூச்சை எப்படி விடணும்னு அவளே விட்டுக் காட்டினா. நானும் அவகூடச் சேர்ந்து விட்டேன். ஏட்டி, நான் எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கேன். போட்ட பிறகு ஒருத்தர் பக்கத்திலேயாவது நின்னிருக்கேனா?"

அந்தக் கேள்வியோடுதான் நீ ஊருக்குத் திரும்பினாய். மேற்படிப்பு முடித்து, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரிக்கே ஆசிரியையாக வந்து சேர்ந்தாய். ஆசிரியர் அறையில் என் மேஜைக்குப் பக்கத்து மேஜை. வந்த கொஞ்ச நாளிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாய். மருந்தில்லாமல் நோயாளியின் வேதனையை ஆற்றும் வழிகள், அவற்றைச் செவிலியர் மாணவிகளுக்கு எப்படிக் கற்பித்தால் கைவரும், இதுதான் உன் ஆய்வு. தலையணையை எங்கே கொடுத்தால் தையல் இழுக்காது, ஒத்தடம் எப்போது சூடு, எப்போது குளிர், பயந்து கிடப்பவரின் மூச்சை எப்படி மெதுவாக்குவது, தொடுவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும், சும்மா பக்கத்தில் இருப்பது எப்படி. பாதி மாணவிகளுக்கு வழக்கம்போல வகுப்பில் சொல்லித் தருவது. மீதிப் பாதிக்கு, நோயாளியாக நடிக்கும் ஓர் ஆளைக் கட்டிலில் படுக்க வைத்துப் பழக்குவது. பிறகு இரு பிரிவினரும் வார்டில் என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது.

கல்லூரிக் குழுவில் ஒருவர் சிரித்தார். "இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைகளுக்கு இயல்பாவே வருமே, இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"இயல்பா வரும்னா வார்டிலே ஏன் சார் காணோம்?" என்று கேட்டாய். அவர் அதற்குப் பிறகு தண்ணீர் குடித்தார்.

இன்னொருவர், மருந்தே வேண்டாம் என்கிறாயா என்று கேட்டபோதுதான் உனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "மருந்துக்குப் பதிலா இல்ல. மருந்து வரும்வரைக்கும், வந்த பிறகும்." இந்த ஒரு வரியை நீ எல்லா வகுப்பிலும் சொன்னாய். எழுதச் சொன்னாய். எழுதாதவளை எழுப்பிச் சொல்லச் சொன்னாய்.

நடிக்க வெளியாள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் ஒரே நாளில் ஓடிவிட்டார்கள். கடைசியில் நீயே கட்டிலில் ஏறினாய். ஒருநாள் பிள்ளை பெற்ற வேதனையில் மாமியாரைத் திட்டும் மருமகள். ஒருநாள் கால் உடைந்து, நாற்று நடவு என்னாகுமோ என்று புலம்பும் கொட்டாரத்து விவசாயி. அன்றைக்கு நீ என் அப்பாவின் குரலை அப்படியே எடுத்துவிட்டாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்குப் போனேன். பிள்ளைகள் உன் வகுப்புக்கு முண்டியடித்து வந்தார்கள். நடிப்புப் பார்க்க வந்தவர்கள், தெரியாமலே தொழில் கற்றுக்கொண்டு போனார்கள்.

நான் உனக்குக் கவனிப்பாளர். சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாணவி செய்வதை மதிப்பிட்டு எழுத வேண்டும். பெரிய மேதை வேலை ஒன்றும் இல்லை. ஆனால் நீ வேறு யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை. "நீதான் என்னை நம்ப மாட்டே. நீயே பாரு" என்றாய்.

ஜெர்லினை இந்த மடலில் கொண்டுவராமல் முடியாது. கடற்கரைக் கிராமத்துப் பெண். அப்பா மீன் வியாபாரம். நன்றாகப் படிப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவள் கை எப்போதும் சில்லென்று இருக்கும். வார்டில் வயசான ஒரு பாட்டா, "அந்தப் பிணத்துக் கையோட என் பக்கத்திலே வராதே" என்று கத்திவிட்டார். துணி வைக்கும் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நீ உள்ளே போனாய். நான் வாசலில் நின்றேன். ஆறுதல் சொல்வாய் என்று நினைத்தேன். நீ அவள் கையில் வெந்நீர்ப் பையைக் கொடுத்து, "கையைச் சூடாக்கிட்டு இன்னொரு தடவை போ மக்களே. உன் கை குளிருன்னுதான் அவரு சொன்னாரு. நீ வேண்டாம்னு சொல்லல்ல" என்றாய். ஒற்றைப் பிள்ளையைக்கூட 'மக்களே' என்று கூப்பிடுவதுதானே நம் ஊர் வழக்கம். அவள் போனாள். பாட்டா இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஜெர்லினின் முறை.

காலையில் நீ வழக்கம்போலத்தான் வந்தாய். கேன்டீனில் புட்டும் பயறும் சாப்பிட்டாய். என் தட்டிலிருந்து பப்படத்தை எடுத்தாய். தோள்பட்டைகளுக்கு நடுவில் கொஞ்சம் பிடித்திருக்கிறது, நேற்றுச் செய்முறை அறையில் கட்டிலை இழுத்துப் போட்டதால் இருக்கும் என்றாய். நானும்தான் அந்தக் கட்டிலை இழுத்தேன். எனக்கும்தான் முதுகு பிடித்திருந்தது. இருவரும் வயசாகிறது என்று சிரித்தோம். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

வராந்தாவில் நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னைக்கு நான் சண்டைக்கார நோயாளி" என்றாய். "அந்தப் பிள்ளை என்ன செஞ்சாலும் தள்ளி விடுவேன். கையைத் தட்டுவேன். எதையும் வாங்க மாட்டேன், கடைசிவரைக்கும் வாங்க மாட்டேன். அவ அப்பவும் நிக்காளா, ஓடுகாளான்னு பாரு. யாருக்கும் பறையாதே."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் உன் வேஷம் இன்னதென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நீ கட்டிலில் படுத்துச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மற்ற மாணவிகள் அரைவட்டமாக நின்றார்கள். ஜெர்லின் வந்தாள். தன் பெயரைச் சொன்னாள். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னாள். நீ, "கையை எடு" என்று உறுமினாய். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி நீட்டினாள். அதைத் தள்ளிவிட்டாய். அது தரையில் விழுந்து ஒரு சத்தம் கேட்டது. ஜெர்லின் குனிந்து எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, உன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தாள்.

"செரி அக்கா. நான் ஒண்ணும் செய்யல்ல. தொடவும் இல்ல. இஞ்ச பக்கத்திலே இருக்கேன், அவ்வளவுதான். வேணும்னா கூப்பிடுங்க."

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. தள்ளிவிடுகிறவரிடம் எப்படி இருப்பது என்று இந்த மூன்றாவது வருஷப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது. தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தேன். நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய், வேஷத்துக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன்.

சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்த உன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை. வாய் திறந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "மேடம் எவ்வளவு தத்ரூபமா செய்யுதாங்க" என்று தோழியிடம் கிசுகிசுத்தாள்.

நீ கையை நீட்டினாய். ஜெர்லினின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாய்.

"கையை விடாத மக்களே" என்றாய்.

என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. அந்த வேஷத்தில் அந்த வார்த்தை கிடையாது. கடைசிவரைக்கும் எதையும் வாங்க மாட்டேன் என்று சொன்னவள் நீ. நான் கட்டிலுக்கு வந்தபோது, பிள்ளைகள் முன்னால் உன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது மறந்து, "ஏட்டி" என்றேன். நீ என்னைப் பார்த்தாய்.

"நடிக்கல்லட்டி" என்றாய்.

அந்தச் சொல்லை நான் இப்போதும் கேட்கிறேன். சாதாரணமான குரல். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொல்வதைப் போன்ற குரல். முதுகில் கிழிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். உன் இடது மணிக்கட்டில் நாடி கிடைத்தது. வலது மணிக்கட்டில் தேட வேண்டியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பாடம் எடுக்கிற எனக்குத் தெரியும். தெரிந்ததை என் மூளை வாங்க மறுத்தது.

ஆஸ்பத்திரி எதிர்க்கட்டிடம்தானே. ஒரு பெண் ஓடிப்போய்ச் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. வேப்பமரத்தைத் தாண்டி நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஜெர்லின் உன் கையை விடவில்லை. நீயும் விடவில்லை. ஸ்ட்ரெச்சரின் வேகத்துக்கு அவள் பக்கவாட்டில் ஓடினாள். ஓடியபடியே பேசினாள். "அக்கா, இப்போ வாசல் வருது. ஒரு குலுக்கல் இருக்கும். இப்போ உள்ளே வந்தாச்சு. டாக்டர் வாறாரு." மேடம் என்று சொல்ல அவளுக்கும் மறந்துவிட்டது. வலிக்கு ஊசி போட்டார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அறையின் கதவுக்குள் உன் இதயம் நின்றது.

எத்தனை தடவை திரைக்கு உள்ளே நின்று நாம் மார்பை அமுக்கியிருக்கிறோம். அன்றைக்குத் திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். உள்ளிருந்து வரும் ஒவ்வொரு சத்தமும் எனக்கு என்னவென்று தெரியும். எந்த மருந்தைக் கேட்கிறார்கள், யார் கை மாறுகிறார்கள், எப்போது எல்லோரும் அமைதியாகிறார்கள் என்று எல்லாமே தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்ச நேரம் நம்பியிருக்கலாம்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று நான் தொடங்கினேன். அவர் தலையை அசைத்தார். ஆப்பரேஷன் மேஜையிலேயே படுத்திருந்தால்கூட உறுதி சொல்ல முடியாத கிழிசல் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

குழித்துறையில் உன் வீட்டு முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் வந்தவர் எல்லோரிடமும், "காலையிலே அவளே ஸ்கூட்டர் ஓட்டிட்டுத்தான் போனா" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் மகன் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "ஆன்ட்டி, அம்மா உங்ககூடத்தானே இருந்தாங்க?" என்றான். ஆமாம் என்றேன். 

ஜெர்லின் அடக்கத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கல்லூரிக்கும் வரவில்லை. பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு உயிர் போய்க்கொண்டிருந்தபோது அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் என்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார்கள். ஆனால் அது அவள் காதுக்குப் போய்விட்டது. அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "மேடம், பிள்ளை சாப்பிட மாட்டேங்கா. கையைக் கழுவிக்கிட்டே இருக்கா. படிப்பு வேண்டாமாம், துணிக்கடைக்கு வேலைக்குப் போறாளாம்."

நான் போனேன். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த சின்ன வீடு. அம்மா காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெர்லின் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மேடத்துக்கு உள்ளே கிழிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் ஸ்டூல் போட்டு, நான் ஒண்ணும் செய்யல்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். இதுக்குப் பேரு கொடுமை இல்லையா மேடம்?"

எனக்குத் தேற்றத் தெரியவில்லை. உன் பாடத்தில் இருந்த எதுவும் அந்த நேரம் எனக்கு உதவவில்லை. அதனால் தெரிந்த உண்மையை மட்டும் சொன்னேன். வராந்தாவில் நீ என்னை நிறுத்திச் சொன்னதைச் சொன்னேன். சண்டைக்கார நோயாளி, எதையும் வாங்க மாட்டாள், கையைத் தட்டிவிடுவாள், கடைசிவரைக்கும்.

"அந்த வேஷத்திலே 'கையை விடாத'ங்கிற வார்த்தையே கிடையாது ஜெர்லின். அது அவ எழுதி வச்ச நோயாளி பேசினது இல்ல. அவ பேசினது. அந்த ரூமிலே அத்தனை பேர் இருந்தோம். நான் இருந்தேன், இருபது வருஷத்துக்கு மேலே பழகினவ. அவ என்னைக் கூப்பிடல்ல. உன் கையைத்தான் தேடினா."

அவள் நிமிர்ந்து, உன் மாணவி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ மேடத்துக்கு வலி குறைஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நீ பக்கத்தில் நின்று என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"குறைஞ்சிருக்காது. அது அப்படிப்பட்ட வலி. தெரியாது மக்களே."

"பின்னே என்னத்துக்கு?"

"வலியை எடுன்னு அவ உன்கிட்ட கேக்கல்ல. விடாதேன்னுதானே கேட்டா. அதை நீ செஞ்சே."

அவள் அழுதாள். அது வரைக்கும் அழவே இல்லையாம். அவள் அம்மா பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் நான் மூன்றாம் வருஷ வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். வராந்தா, வேஷம், வார்த்தை, எல்லாம். அந்த 'தத்ரூபம்' என்று சொன்ன பெண் எழுந்து வெளியே போனாள். தனியாகப் போய் ஜெர்லினைக் கூட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

உன் ஆய்வு முடியவில்லை. பாதியில் நின்ற ஆய்வை உன் பெயரில் சமர்ப்பிக்க வழியில்லை என்று உன் வழிகாட்டி வருத்தத்தோடு சொன்னார். என்னைத் தொடரச் சொன்னார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தச் சுவரோரத்து நாற்காலியில் மறுபடி உட்கார என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. ஆனால் கல்லூரியில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. நோயாளியாகப் படுக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவருக்கு நாடியும் பிபியும் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது அவர் 'நிஜம்' என்று ஒரு சொல் சொன்னால், அந்தக் கணமே நடிப்பு நின்றுவிட வேண்டும். அந்தச் சொல்லைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். இதுவரை யாருக்கும் சொல்ல நேரவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அந்தச் சொல் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னைப்போலச் சிரிப்பில்லை. ஆனால் இவ்வளவு கவனமாக ஒரு முகத்தைப் பார்க்கிற மாணவிகளை நான் கண்டதில்லை.

ஜெர்லின் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது நம் ஆஸ்பத்திரியிலேயே அறுவைசிகிச்சை வார்டில் வேலை. ஒருநாள் நான் மாணவிகளோடு போனபோது, ஆப்பரேஷன் முடிந்து வந்த ஓர் அம்மாவுக்கு ஊசி போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. என்னைக் கவனிக்கவும் இல்லை. நான் பேசாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

எனக்கு என்ன மிச்சம் என்று கேட்பாய். சொல்கிறேன். யாராவது கண்ணை மூடிப் படுத்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. கொட்டாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிற பெண், வீட்டில் பேப்பரை முகத்தில் போட்டுச் சாய்ந்திருக்கிற என் வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. கண் நேரே அவர்கள் நெஞ்சுக்குப் போகிறது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கிறேன். பார்க்கும் அந்த ஒரு நொடி, ஒவ்வொரு தடவையும், எனக்கு எல்லாம் புதிதாக நடக்கிறது. இது போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறதா என்றே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகள் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாள். துணி மடிக்கப் போன நான் கதவருகே நின்றுவிட்டேன். ஃபேன் காற்றில் அவள் போர்வை அசைந்ததால் சரியாகத் தெரியவில்லை. கிட்டே போய்க் குனிந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா, நான் தூங்கத்தான் செய்யுதேன்."

"செரி மக்களே, தூங்கு" என்றேன். சொல்லிவிட்டு, அவளுடைய அடுத்த மூச்சு வரும்வரை அங்கேயே நின்றேன்.